கார்பரேட்டரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஐயா வாங்கிய மார்க் 2 அம்பாசடர் இன்னும் நிற்கிறது. போன மாதம் ஊருக்கு வந்திருந்த சித்தப்பா, "கார்பேட்டரைக் கழட்டிப் போட்டுட்டு இன்ஜெக்‌ஷன் மாத்திரலாமாப்பா?" என்று கேட்டார். இந்த இரண்டு சொல்லையும் ஒழுங்காகத் தமிழில் சொன்னாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

முதலில் கார்பரேட்டர், எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கருவி. பட்டறையில் கார்பேட்டர். அடிச்சொல் லத்தீனில் கார்போ, அதாவது கரி. அதிலிருந்து பிரெஞ்சில் கார்ப்யூர், கரிமம் சேர்ந்த சேர்மம். கார் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், விளக்கு வாயு பளிச்சென்று எரிவதற்காக அதில் எண்ணெய் ஆவியை ஏற்றிய கருவிக்கு இந்தப் பெயர் இருந்தது. காற்றில் பெட்ரோல் ஆவியை ஏற்றுவதும் அதே மாதிரி வேலைதானே, பெயர் அப்படியே வண்டிக்கு வந்துவிட்டது. (கார்போ, கரி என்று ஒலி ஒத்துவருவதை வைத்து உறவு கொண்டாடிவிட வேண்டாம்.)

இதை நேராக மொழிபெயர்த்துக் கரியேற்றி என்று வைத்தால் தப்பாகப் போகும். மெக்கானிக்கிடம் கரி என்றால் பிளக்கில் படிகிற கரிதான், அதாவது பெட்ரோல் கூடிப்போய்விட்டது என்பதற்கான அடையாளம். கருவியின் வேலையோ எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவை ஒட்டிக் கலந்து கொடுப்பது. அதனால் கலப்பி என்பதுதான் எனக்குப் பிடித்த சொல். விரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் எரிவளி கலப்பி.

இன்ஜெக்‌ஷன் என்றதும் நமக்கு ஊசிதான் ஞாபகம் வரும். லத்தீனில் அதற்கு 'உள்ளே எறி' என்று பொருள். பாடநூல் தமிழில் உட்செலுத்தல். தப்பில்லை, ஆனால் உள்ளே மெதுவாக அனுப்பினாலும் உட்செலுத்தல்தான், அழுத்தம் அந்தச் சொல்லில் இல்லை. பால் கறக்கும்போது காம்பை அழுத்தினால் பாத்திரத்தில் சர்ரென்று பீய்ச்சுமே, அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எரிபொருள் பீய்ச்சல், கருவிக்குப் பீய்ச்சி. டீசல் வண்டிக்காரர்கள் நாசில் என்பது இதைத்தான்.

இப்போது வித்தியாசம் சொல்லிலேயே வந்துவிட்டது. கலப்பியில் எஞ்சின் இழுக்கிறது: பிஸ்டன் இறங்கும்போது காற்று ஒரு குறுகிய கழுத்து வழியாக வேகமாகப் போக, அங்கே அழுத்தம் குறைந்து ஜெட் என்கிற நுண்துளை வழியே பெட்ரோல் தானாக மேலேறித் தூறலாகிறது (1893இல் ஜெர்மன் பொறியாளர் மேபாக் கொண்டுவந்த தூறல் கலப்பியிலிருந்து இதே தத்துவம்தான்). பீய்ச்சியில் பம்பு தள்ளுகிறது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்கிறது. கலப்பிக்கு 0.3 பார் அழுத்தம் போதும், பீய்ச்சிக்கு 3 பார் அளவுக்கு வேண்டும். அப்படியென்றால் பம்பு, பைப், கிளிப் எல்லாம் மாற வேண்டும், துருப்பிடித்த டேங்கைச் சுத்தம் செய்ய வேண்டும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கிற சென்சாருக்கு சைலன்சர் குழாயில் ஓட்டை போட வேண்டும், வண்டியில் இன்னும் டைனமோ இருந்தால் அதையும் ஆல்டர்னேட்டராக மாற்றாமல் கரண்டு தாங்காது.

லாபமும் இருக்கிறது, மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் குன்றக்குடி போய்விட்டுத் திரும்பும்போது பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோய், பம்பு மேல் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருந்தது எத்தனை தடவை! பீய்ச்சியில் அழுத்தம் அதிகம், அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இப்போது வருகிற 20 விழுக்காடு எத்தனால் பெட்ரோலுக்குக் கலப்பியில் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும், பீய்ச்சியில் சென்சார் பார்த்து அதுவே சரிசெய்துகொள்ளும். ரப்பர் ஓஸ்களை மட்டும் எதுவானாலும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வாரா வாரம் சென்னைக்கு ஓட்டுகிறவர் என்றால் பீய்ச்சிக்கு மாற்றலாம், பழைய கலப்பியைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு. கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் எடுக்கிற வண்டிக்குக் கலப்பியே போதும். சித்தப்பாவிடம் அதைத்தான் சொன்னேன். கம்ப்யூட்டர் பழுதானால் பாகத்துக்காக வண்டி மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும். கலப்பியைத் திறக்க ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் போதும்.

அன்றைக்கே முகப்பில் செய்தித்தாளை விரித்துக் கழற்றினோம். பெட்ரோல் தேங்கி நிற்கிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு படிவு. ஜெட்டை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் மயிரிழை மாதிரி இருக்க வேண்டிய துளை தெரியவே இல்லை. சித்தப்பா கம்பியைத் தேடினார். கம்பி விட்டால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும், வேண்டாம் என்று பெட்ரோலில் ஊறப்போட்டு சைக்கிள் பம்பால் ஊதினோம். சோக்கை இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்ததில் மூன்றாவது தடவை எஞ்சின் பிடித்துக்கொண்டது.