முதலில் காதைப் பாருங்கள்

"சார், இந்த நாயைப் பிடிச்சிட்டுப் போயிடுங்க, திரும்பக் கொண்டாந்து விடாதீங்க." நாய் வண்டி ஒரு தெருவுக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் இதைத்தான் முதலில் கேட்பேன். நான்கு வீடு தள்ளி இன்னொருவர் கதவைத் திறந்து, "அதை ஏன் பிடிக்கிறீங்க, யாரையும் ஒண்ணும் பண்ணாதே" என்பார். இரண்டு பேரும் சொல்வது ஒரே நாயைத்தான். சென்னை மாநகராட்சியில் தெருநாய் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். இந்த இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறேன்: முதலில் அந்த நாயின் காதைப் பாருங்கள்.

காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால், அந்த நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்து, வெறிநாய்த் தடுப்பூசியும் ஒரு முறையாவது போடப்பட்டிருக்கிறது. மயக்கத்தில் இருக்கும்போதே வெட்டுவதால் அதற்கு வலி தெரியாது. தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வெட்டு. வெட்டு இல்லாத காதைப் பார்த்தால், அதுவும் பெட்டை நாயாக இருந்தால், உடனே மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள். நாயின் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஒரு தெருவில் பத்து நாய்க்கு ஆபரேஷன் செய்துவிட்டு ஒரு பெட்டையை மட்டும் தவறவிட்டால், அடுத்த ஆண்டு அதே தெருவிலிருந்து குட்டிகளைப் பற்றிப் புகார் வரும்.

பிடித்த நாயை ஏன் அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிறோம் என்று கோபமாகக் கேட்பவர்கள் உண்டு. விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023 அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் விதியைக் காட்டி நான் நழுவ விரும்பவில்லை, காரணம் தெருவிலேயே இருக்கிறது. ஒரு கறிக்கடை, ஒரு குப்பைத்தொட்டி, ஒரு டீக்கடை வாசல், இவற்றை நம்பித்தான் ஒரு நாய்க்கூட்டம் வாழ்கிறது. அந்தக் கூட்டத்தைத் தூக்கிவிட்டால் சோறு அங்கேயே கிடக்கும். பக்கத்துத் தெரு நாய்கள் அதைத் தேடி வரும். வருகிற நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எல்லை பிடிக்கச் சில வாரம் சண்டை நடக்கும், அந்தச் சமயத்தில் சைக்கிளில் போகும் பிள்ளையைத் துரத்தும். காது வெட்டிய பழைய நாய் தன் இடத்தில் இருக்கும்வரை புது நாயை உள்ளே விடாது. தெரியாத ஏரியாவில் கொண்டுபோய் விட்டால் அந்த நாயையும் அங்குள்ள நாய்கள் கடித்துக் குதறிவிடும். பிடித்த இடத்தை எழுதி, கழுத்தில் எண் போட்டு, அதே இடத்தில் இறக்குவது இதனால்தான்.

உச்ச நீதிமன்றம் எல்லா நாயையும் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டதே என்று பலர் கேட்கிறார்கள். 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதி டெல்லிப் பகுதிக்கு வந்த உத்தரவு அது. ஆகஸ்ட் 22ஆம் தேதி அதை நீதிமன்றமே மாற்றியது: ஆபரேஷனும் ஊசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் ஆக்ரோஷமாகத் தாக்குவதையும் விடக்கூடாது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற வளாகங்களுக்கு அந்த ஆண்டு நவம்பரில் தனி உத்தரவு வந்தது. அங்கே பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது.

எங்கள் வேலை விடியற்காலையில் நடக்கும். வெயில் ஏறிவிட்டால் நாய்கள் வண்டிகளுக்கு அடியில் போய்விடும், தெருவில் ஆள் நடமாட்டமும் கூடிவிடும். வலை அல்லது கை, இந்த இரண்டில்தான் பிடிக்க வேண்டும். இடுக்கி, கம்பிச்சுருக்கு எதற்கும் அனுமதி இல்லை. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயையும் ஆறு மாதம் ஆகாத குட்டிகளையும் ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டோம். வலை வீசும்போது நான்கு பேர் கல்லெறிந்து விரட்டி "உதவி" செய்தால் அன்றைய வேலை கெட்டது. அந்தத் தெருவில் தினமும் பிஸ்கட் போடும் ஒரு அக்கா இருந்தால் போதும், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். சோறு போடுபவர்களைத் திட்டித் தீர்க்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சோறு போடுபவர்களும் பள்ளி வாசலிலும் மாடிப்படி அடியிலும் போடாமல், ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலையில் போட்டு, இடத்தைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும்.

இனி கடியைப் பற்றி. எனக்கு இதில்தான் கவலை அதிகம்.

ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் காப்பாற்ற வழி ஏறக்குறைய இல்லை. ஆனால் கடித்தவுடன் செய்ய வேண்டியதைச் செய்தால் அந்த நோய் வராமலே தடுத்துவிடலாம். கிருமி காயத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது, அதற்கு வழக்கமாகச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை எடுக்கும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைத்திருக்கும் நேரம். குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், இரண்டு நிமிடத்திலேயே பத்து நிமிடம் ஆனது போலத் தோன்றும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதையும் வைக்காதீர்கள். பிறகு நேராக நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று போக வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை, அதைக் கேட்டு வாங்குங்கள். காயம் ஆறிவிட்டது என்று மூன்றாவது ஊசியோடு நிறுத்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். காயம் ஆறுவதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது. அந்த மருந்தை நிறுத்தி இருபது ஆண்டு ஆகிறது, இப்போது கையில்தான் போடுகிறார்கள். இந்தப் பயத்தால் பிள்ளைகள் கடியை மறைக்கிறார்கள். நாய்க்குட்டியோடு விளையாடப் போனதற்கு அம்மா அடிப்பாள் என்று, பல் கீறியதை ஒரு பையன் மூன்று நாள் சொல்லாமல் இருந்தான். தற்செயலாக அவன் பாட்டி குளிப்பாட்டும்போது பார்த்தார். ஊசி தொடங்கினார்கள், நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. உங்கள் பிள்ளையிடம் இன்றே சொல்லி வையுங்கள்: நாய் பல் பட்டாலோ, நகம் கீறினாலோ வந்து சொல், திட்ட மாட்டேன். வீட்டு நாயாக இருந்தாலும் இதேதான்.

எனக்கும் இரண்டு முறை கடி விழுந்திருக்கிறது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொண்டவன் என்றாலும் கழுவுவதை விடவில்லை, முதல் நாளும் மூன்றாம் நாளும் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

காரணமில்லாமல் எதிர்ப்படும் எல்லாவற்றையும் கடிக்கிற, எச்சில் ஒழுகுகிற, குரல் மாறிய, பின்னங்கால் தள்ளாடுகிற நாயைக் கண்டால் துரத்தாதீர்கள், மூலையில் மடக்காதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு 1913க்குப் பேசுங்கள். "எங்க ஏரியால நாய் தொல்லை" என்றால் நாங்கள் தேடித் திரிவோம். நிறம், ஆணா பெட்டையா, காது வெட்டு இருக்கிறதா, எத்தனை மணிக்கு எந்தக் கடை வாசலில் படுக்கும், இவ்வளவும் சொன்னால் அடுத்த சுற்றிலேயே பிடிக்க முடியும்.

வியாசர்பாடியில் ஒரு ஆயா, வண்டிச் சத்தம் கேட்டாலே தன் பழுப்புப் பெட்டையை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார். மூன்று முறை திரும்பி வந்தேன். அவர் சிறுவயதில் பார்த்தது வேறு வண்டி. அப்போது பிடித்துப் போன நாய் திரும்பி வராது, கொன்றுவிடுவார்கள். சென்னையில் அந்த முறை நின்று, ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு நெடுநாள் சொல்லிவந்த கருத்தடை முறைக்கு மாநகராட்சி வந்தது 1996இல். அதை அந்த ஆயாவுக்கு யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. நான்காவது முறை திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். கழுத்துப் பட்டை எண்ணை ஒரு தாளில் எழுதி, திரும்ப விடும் தேதியையும் போட்டுக் கையில் கொடுத்தேன். ஐந்தாம் நாள் பெட்டையை இறக்கியபோது, அதைப் புரட்டிப் போட்டுத் தையலைத் தடவிப் பார்த்தார், காதைப் பார்த்தார், என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த முறை அந்தப் பக்கம் வண்டி போனபோது வாசலில் இரண்டு நாய்களைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார். "இன்னொண்ணு மீன்காரி பின்னாடி போயிருக்கு. கொஞ்சம் இரு தம்பி, வந்துடும்" என்றார்.