ஆற்றங்கரை நடை: திரும்பி வரும் தூரமும் உங்கள் முட்டிக்குத்தான்

முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் நடக்க ஆரம்பிக்கும்போது, மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்க்கச் சொல்வேன். பிசியோதெரபிஸ்ட்டுகள் பலரும் அதைத்தான் சொல்வார்கள். தண்ணீர் ஓரத்துப் பாதைகள் இதற்கு நல்ல தோது. கோவையில் நொய்யல் தண்ணீரால் நிறையும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகள் இருக்கின்றன. ஈரோட்டுக்காரர்களுக்குக் காளிங்கராயன் வாய்க்கால் கரை. தண்ணீர் தானாக ஓடட்டும் என்று வாட்டம் பார்த்து வெட்டிய வாய்க்காலின் கரையில் ஏற்றம் எங்கிருந்து வரும்?

ஆனால் அந்தச் சமதளத்தில் நடந்துவிட்டே முட்டி வீங்கி வருகிறவர்களும் உண்டு. "ஏனுங்க, நீங்க சொன்ன மாதிரிதானுங்க நடந்தேன், இப்ப படி எறங்க முடியலீங்க" என்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். போகும்போது வலி தெரியவில்லை, காற்றும் நன்றாக இருந்தது, அந்தப் பாலம் வரைக்கும் போய்விடலாமே என்று போயிருப்பார்கள். வலி எடுத்தபோது வீடு நேர் எதிர்த்திசையில்.

சின்னப் பூங்காவில் சுற்றி வருகிறவர் வலித்தால் அந்தச் சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். கரையில் அப்படி முடியாது. போன தூரம் அத்தனையும் திரும்பி வந்தாக வேண்டும். வாய்க்கால் வளைந்து போகிற இடத்தில் கண்ணும் ஏமாற்றும். எதிரே தெரிகிற மரம் பக்கத்தில்தான் இருப்பதுபோல் இருக்கும், கரையோடு நடந்தால் இரண்டு மடங்கு தூரம் வரும். இதில் தொடைத் தசையும் சேர்ந்துகொள்கிறது. அடி வைக்கும்போது வருகிற அதிர்வில் ஒரு பங்கை அதுதான் வாங்கிக்கொள்ளும். அது களைத்துவிட்டால் மிச்சப் பாரம் மூட்டுக்கு. அதனால்தான் திரும்பி வருகிற பாதி, போன பாதியைவிட முட்டிக்குக் கடினம்.

ஆகவே களைப்பை வைத்துத் திரும்பாதீர்கள், கடிகாரத்தை வைத்துத் திரும்புங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்குப் போக ஐந்து நிமிடம், வர ஐந்து நிமிடம் போதும். சிரிப்பு வருகிற அளவுக்குக் குறைவாகத் தெரியும், இருக்கட்டும். மறுநாள் காலை முட்டி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நடக்கும்போது லேசாக வலித்து, ஒரு நாளுக்குள் பழையபடி ஆகிவிட்டால் சரி, சில நாள் கழித்து இரண்டு நிமிடம் கூட்டலாம். வீக்கமோ, எழுந்ததும் கூடுதல் வலியோ இருந்தால் தூரத்தைக் குறையுங்கள். நடையையே விட்டுவிட வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்கிறது. அதை முதல் வாரமே எட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்தாயிரம் அடிக் கணக்கைக் கைபேசியில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்களுக்கு ஒன்று: அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. எந்த மருத்துவரும் அளந்து சொன்ன அளவல்ல.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம்மை எப்படித் தள்ளும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் முடிந்தால் மேற்கு பார்த்துக் கிளம்புங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது முதுகுக்காற்று.

கைத்தடி வைத்திருப்பவர்கள் வலிக்கிற பக்கமே பிடித்து நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வலது முட்டி வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும்.

சுகர் உள்ளவர்களிடம் இன்னும் கண்டிப்பாக இருப்பேன். பல நடைபாதைகளில் கூழாங்கல் பதித்த துண்டு ஒன்று இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடப்பார்கள். பாதம் மரத்துப்போனவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது. கல் குத்தினாலும் வலிக்காது; வலிக்காததால் புண் ஆனதும் தெரியாது, தெரியும்போது சீழ் வைத்திருக்கும். உணர்ச்சி குறைந்திருப்பது பலருக்குத் தாமாகத் தெரிவதில்லை. நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் வைத்து அழுத்தி மருத்துவர் நிமிடத்தில் சோதித்துவிடுவார், வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். நடந்து வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒரு பார்வை பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்திருப்பது நல்லது. கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்ச்சத்து சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

கெண்டைக்கால் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறதா? காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், புகைப்பவர்களும் சுகர் உள்ளவர்களும் உடனே காட்ட வேண்டும். நின்றால் போகாமல், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோதான் விடுகிறது என்றால் முதுகெலும்புப் பக்கம் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் வயசு வலி என்று தைலம் தேய்த்தே மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு வருகிறார்கள். எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறது, எப்படி இருந்தால் விடுகிறது என்று குறித்துக்கொண்டு போனால், மருத்துவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.