தாத்தாவின் பயனெட்டைத் தேய்க்கும் முன்

போன வாரம் ஒரு தம்பி வந்தார். பழைய வேட்டியில் சுற்றிய நீளமான பொட்டலம் கையில். “தாத்தா ரெண்டாம் உலகப் போருக்குப் போனவர் சார். இது அவரோடது. எந்த வருஷம், எங்க செஞ்சதுன்னு சொல்லணும்” என்றார். பிரித்தால் பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கிறது. துரு பிடித்திருந்ததாம், பட்டறையில் கொடுத்து பஃபிங் போட்டு வாங்கியிருக்கிறார். எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துத் தடவினேன். வழுவழுப்பு மட்டும்தான். இந்த வருடத்தில் இப்படி வந்தது இது நான்காவது.

பழைய உலோகப் பொருட்களைப் பாதுகாப்பது என் தொழில். சிதைந்ததை ஓரளவு சரிசெய்ய முடியும். தேய்த்து எடுத்த எழுத்தைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது.

நம் ஊர் வீடுகளிலிருந்து என்னிடம் வருபவை பெரும்பாலும் ஒரே வகைதான். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் தூக்கிய .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் முனையில் மாட்டும் கத்தி. அலகு 17 அங்குலம், இரண்டு திருகு போட்ட மரக் கைப்பிடி, குழல் நுழைய ஒரு வளையம். கைப்பிடியை ஒட்டி, கூர் தீட்டாத சிறு பகுதி ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் கிரீடம், அதற்குக் கீழே அரசரின் முதலெழுத்துகள், பிறகு 1907, அதற்கும் கீழே சின்னதாக இன்னொரு எண், கடைசியில் செய்தவர் பெயர்.

இந்த 1907-தான் என் பொறுமையைச் சோதிக்கிறது. “நூறு வருஷத்துக்கு மேல பழசு சார், 1907-ன்னு போட்டிருக்கே” என்று வாரம் ஒருவர் சொல்கிறார். அது செய்த வருடம் இல்லை. அந்த வடிவத்தை ராணுவம் ஏற்றுக்கொண்ட வருடம், அதாவது மாடலின் பெயர். 1912-இல் செய்திருந்தாலும் 1907 என்றுதான் அடிப்பார்கள், 1918-இல் செய்திருந்தாலும் அதேதான். செய்த காலம் அதற்குக் கீழே இருக்கிற சின்ன எண்ணில் இருக்கிறது. “10 ’17” என்றிருந்தால் 1917 அக்டோபர். முதலில் மாதம், பிறகு வருடம். அதை யாரும் படிப்பதில்லை, ஏதோ வரிசை எண் என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய எண்ணைப் பார்த்து ஒரு கதை கட்டி, அந்தக் கதைக்கு ஒரு விலையும் வைத்துவிடுகிறார்கள். ஒருவர் இதே கத்தியை 1806 வேலூர்ப் புரட்சியில் பயன்பட்டது என்று நம்பிப் பணம் கொடுத்து வாங்கியிருந்தார். வேலூரில் சிப்பாய்கள் வைத்திருந்தது மஸ்கெட் என்ற பழைய வகைத் துப்பாக்கி. அதன் பயனெட்டுக்கு மரக் கைப்பிடியே கிடையாது. குழலின் மேல் குழாய் போலச் செருகுவார்கள், அலகு முக்கோணமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூட வித்தியாசம் சொல்லும். தயவுசெய்து வாங்கும் முன் யாரையாவது கேளுங்கள்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அகலமான அம்புக்குறி அரசாங்கச் சொத்து என்பதற்கான முத்திரை. பெருக்கல் குறி, அலகை வளைத்துச் சோதித்து முடித்ததைக் காட்டுவது. கிரீடமும் எண்ணும் சேர்ந்து வருவது பரிசோதகரின் குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை தொட்டு நின்றால், ராணுவம் அதைக் கழித்து விற்றுவிட்டது என்று பொருள். இ எஃப் டி என்றிருந்தால் இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஆலை. ஆர் எஃப் ஐ என்றிருந்தால் வங்காளத்து இஷாபூர் ரைஃபிள் ஆலை. கிரீடத்துக்குக் கீழே ஜி ஆர் என்று வரும் இடத்தில், இஷாபூர்க் கத்தியில் ஜி ஆர் ஐ என்று ஓர் எழுத்து கூடுதலாக வரும். அந்த ஐ, அரசர் இந்தியாவுக்குப் பேரரசர் என்பதைக் குறிப்பது. இந்த ஓர் எழுத்து போனால், கத்தி இங்கிலாந்திலிருந்து வந்ததா இஷாபூரிலிருந்து வந்ததா என்று உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

எழுத்து போன கத்தியில் எனக்கு மிஞ்சுவது வடிவம் மட்டுமே. அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள குறுக்குத் தகட்டின் நுனியில் கொக்கி இருந்தால் 1913-க்கு முந்தைய வடிவம். அந்த வருடம் கொக்கி வேண்டாம் என்று முடிவெடுத்து, பழையவற்றிலும் அறுத்தெடுத்தார்கள். அதனால் கொக்கியோடு கிடைப்பது அரிது, விலையும் அதிகம். கொக்கியைப் பற்றவைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இணைப்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிடியின் தலையில் இருக்கும் துளை 1916-இல் வந்தது. பழைய கத்திகளிலும் பிறகு துளைத்தார்கள், ஆகவே 1910 தேதி போட்ட கத்தியில் துளை இருந்தால் போலி என்று பதற வேண்டாம்.

12 அங்குல அலகோடு வருவதை “ஒடிஞ்சது” என்று பழைய இரும்புக்குப் போடாதீர்கள்! 1940-களில் இந்தியாவில் நீளத்தைக் குறைத்தார்கள். 17 அங்குலக் கத்தியை வெட்டிச் செய்தவற்றில், அலகின் நீளவாக்கில் இருக்கும் பள்ளம் கிட்டத்தட்ட முனை வரை ஓடும். புதிதாகச் செய்தவற்றில் பள்ளமே இல்லாத வகையும் உண்டு. அந்தப் பள்ளம் ரத்தம் வழிவதற்கு என்பதும் தவறு. அலகு எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்கத்தான் அது.

8 அங்குலக் கம்பி போல இருப்பதும் பயனெட்தான், நான்காம் எண் லீ என்ஃபீல்டுக்கு உரியது. ஒரு வீட்டில் அதை வைத்துத் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எஸ் எம் என்றோ என் 67 என்றோ இருந்தால் தையல் மெஷின் செய்த சிங்கர் கம்பெனி, போர்க்காலத்தில் ஸ்காட்லாந்தில் செய்தது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. உப்புத்தாள் வேண்டாம். புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம். பஃபிங் வேண்டவே வேண்டாம். கறுப்பாகவோ அடர் பழுப்பாகவோ படிந்திருப்பது அழுக்கு இல்லை, அப்படியே விடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் தூளாக உதிர்கிற துருவுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, ஒரு நாள் கழித்துப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். எழுத்து தெரியவில்லையா? இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். பாதி எழுத்து அதிலேயே வந்துவிடும். தோல் உறைக்குள் கத்தியை வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இரண்டு மடங்கு சேதம். தனித்தனியாக வையுங்கள், வியர்த்த கையால் அலகைத் தொடாதீர்கள்.

ஆயுத விதிகள் 2016-இல் 9 அங்குலத்துக்கு மேற்பட்ட பயனெட்டுகள் பெயரோடு வருகின்றன. உங்கள் ஊரில் உரிமம் தேவையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நூறு வருடம் தாண்டியது 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டு உறவினருக்குப் பார்சலில் அனுப்பக் கூடாது.

அந்தத் தம்பியின் கத்தியில் பிடியின் தலையில் மட்டும் ஓர் எண் பாதி தப்பியிருந்தது. அது படைப்பிரிவு போட்டதாக இருக்கலாம். ஆனால் அந்த எண்ணிலிருந்து எந்தச் சிப்பாயிடம் இருந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்தான் வேண்டும், அதைத் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அப்படி ஒரு சர்டிபிகேட் இருந்தால் இன்றைக்கே கத்தியையும் அதையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். உறையில் கட்டிய கயிறு, ஒட்டிய துணி, யாரோ மையில் எழுதிய பெயர், எதையும் எடுக்காமல் அழுக்கோடு அப்படியே கொண்டு வாருங்கள்.