டாட்போல்: தலைப்பிரட்டை

ஐப்பசி மழை விட்டதும் பாகூர்ப் பக்கம் வரப்போரம் தேங்கிய தண்ணீரைக் குனிந்து பாருங்கள். உருண்டைத் தலை, ஒற்றை வால், அவ்வளவுதான். இயற்பியலில் துகள் வினைகளைக் கணக்கிட வரையும் படங்களில் டாட்போல் என்கிற படமும் அப்படியே: ஒரு வளையம், அதில் ஒட்டிய ஒரே கோடு. சிட்னி கோல்மனும் ஷெல்டன் கிளாஷோவும் 1964இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். ஆங்கிலச் சொல்லின் முன்பாதி தேரை, பின்பாதி தலை. தமிழிலும் தலை இருக்கிறது. தலைப்பிரட்டை என்றே எழுதலாம். தவளைக்குஞ்சு என்றால் வடிவம் கண்ணில் படாது.

துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டில் (ஸ்ட்ரிங் தியரி), இழைமுனைகள் ஒட்டிநிற்கும் படலங்களை (பிரேன்) அடுக்கி நம் உலகத் துகள்களைப் பெற முயலும்போது இந்தப் படம் நிபந்தனையாகிவிடுகிறது: இத்தகைய படங்களின் மொத்தம் சுழியாக வேண்டும். படலங்கள் ரமோன்-ரமோன் ஊட்டம் சுமப்பவை; மின்னூட்டம் போல இதிலிருந்தும் புலக்கோடுகள் கிளம்பும். கூடுதல் ஆறு பரிமாணங்களோ சுருண்டு மூடியவை. புலக்கோடுகள் வெளியேற வழியில்லை. உள்ளேயே எதிர் ஊட்டத்தில் முடிந்தாக வேண்டும். அதைத் தருபவை ஓரியன்டிஃபோல்டு தளங்கள், அதாவது வெளியைக் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும்போது அசையாமல் நிற்கும் இடங்கள்.

இயற்பியலாளர்கள் மார்ச்செசானோவும் ஷியூவும் 2004இல் கட்டிய மாதிரியைப் பாருங்கள். தளங்களின் பங்கு −16. படலங்கள் சரியாக 16 தர வேண்டும். மூன்று தலைமுறைத் துகள் வர 8 படலம், ஒவ்வொன்றுக்கும் 3×3=9. ஆக 72, எங்கோ தாண்டிப் போயிற்று. தலா −48 உள்ள இரண்டு அடுக்கு சேர்த்தால் −24. மேலும் 40 படலம் போட்டதும் 16. கணக்கு நேராயிற்று, ஆனால் அந்த −48 அடுக்குகள் இயற்கையில் காணாத துகள்களையும் கூட்டி வந்தன. இந்தத் துறையின் தீராத தலைவலி அது.

இந்த நிபந்தனைக்கு ஆங்கிலத்தில் டாட்போல் கேன்சலேஷன் என்று பெயர். அதைத் தமிழில் 'தலைப்பிரட்டை நீக்கம்' என்பது பிழை. எதுவும் நீங்குவதில்லை, பற்றும் வரவும் நேராகின்றன. 'ஊட்டச் சமன்' என்றால் சத்துணவு நினைவு வரும். தலைப்பிரட்டைச் சமன் பொருந்தும்.

சமன் தவறினால் நான்கு பரிமாணத்தில் வன்விசையின் முப்படி முரண் (அனாமலி: குவாண்டம் கணக்கில் சமச்சீர் உடைவது) எஞ்சக்கூடும்; எஞ்சினால் நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை ஒன்றாக நிற்காது. சமன் இருந்தும் இரண்டு இடத்தில் சறுக்கலாம். மென்விசைக்கு இணையாக வரும் துகள்களின், அதாவது இரட்டைகளின், எண்ணிக்கை ஒற்றைப்படையானால் விட்டன் 1982இல் காட்டிய முரண் தலைகாட்டும். ஒளித்துகளின் ஒரு பகுதியான மீயூட்ட (ஹைப்பர்சார்ஜ்) போசான், முரண் இல்லாமலே, நிறை பெற்றுவிடவும் கூடும்; அப்புறம் அந்த மாதிரியில் ஒளியே கிடையாது.