நெஸ்டாவின் மூன்று உலகக் கோப்பைகளும் நம் பையன்களின் தொடை வலியும்

"வலிக்குதுன்னு சொன்னா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க சார்." விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாக, கால்பந்து ஆடும் வட சென்னைப் பையன்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஸ்டாப்பராக, அதாவது நடுத் தடுப்பாட்டக்காரராக, ஆடுபவர்கள்தான் வலியை அதிகம் மறைக்கிறார்கள். அவர்களுக்கு அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவைப் பற்றிச் சொல்வேன்.

ரோமில் பிறந்து லாசியோ கிளப்பில் வளர்ந்த இத்தாலியத் தடுப்பாட்டக்காரர். காலை நீட்டிச் சறுக்கி, ஆளைத் தொடாமல் பந்தை மட்டும் பறிப்பதில் அவருக்கு நிகர் குறைவு. ஆனால் அவர் ஆடிய மூன்று உலகக் கோப்பைகளிலும் குரூப் சுற்றின் மூன்றாவது ஆட்டத்துக்கு மேல் அவரால் போக முடியவில்லை. 1998இல் ஆஸ்திரியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடமே முழங்கால் லிகமென்ட் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) போனது. 2002இல் குரோஷியா ஆட்டத்தில் பாதத்தில் காயம். 2006இல் ஹாம்பர்க்கில் செக் குடியரசுக்கு எதிராக 17வது நிமிடத்தில் உள்தொடைத் தசை பிடித்து வெளியே வந்தார். அவருக்குப் பதில் இறங்கிய மார்க்கோ மாத்தெராஸி அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார், பெர்லின் இறுதிப்போட்டியிலும் அடித்தார்.

பையன்கள் பயப்படுவது இதற்குத்தான்: நம் இடத்தில் வந்தவன் ஹீரோவாகிவிடுவானே! ஆனால் நெஸ்டா முடிந்துபோகவில்லை. 2007 மே மாதம் ஏதென்ஸில் லிவர்பூலை வென்று சாம்பியன்ஸ் லீக் எடுத்த மிலான் அணியில் அவர் இருந்தார். முதுகுப் பிரச்சினையால் 2008-09 சீசன் கிட்டத்தட்ட முழுவதும் போனது. திரும்பி வந்து 2011இல் மீண்டும் இத்தாலிய லீக் பட்டம் வென்றார். 2014இல் நம்ம ஊர் கிளப்பான சென்னையின் எஃப்.சி.க்காக ஆட வந்தபோது அவருக்கு வயது 38. அழைத்த பயிற்சியாளர் வேறு யாருமல்ல, அதே மாத்தெராஸிதான். பிறகு நெஸ்டாவும் மயாமி, பெருஜியா, ஃப்ரோசினோனே, ரெஜ்ஜியானா, மோன்ஸா என்று பல அணிகளுக்குப் பயிற்சியாளரானார்.

இனி என் வேலைக்கு வருகிறேன். உள்தொடை வலியோடு வரும் பையன் பெரும்பாலும் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஸ்ப்ரே அடித்து இரண்டு டோர்னமென்ட் ஆடிவிட்டுத்தான் வருவான். படுக்கவைத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு பந்தை வைத்து நெருக்கச் சொல்வேன். பாதி அழுத்தத்திலேயே முகம் சுருங்கிவிடும். பந்தை ஓங்கி அடிக்கும்போதும், சட்டென்று திசை மாறும்போதும் இழுபடுவது அந்தத் தசைதான். முழு ஓய்வு மட்டும் இதைச் சரிசெய்யாது, தசைக்குப் படிப்படியாக வலு ஏற்ற வேண்டும்.

வலி வரும் முன்பே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நண்பன் பிடித்துக்கொள்ள, இடுப்பைத் தூக்கிக் கீழ்க்காலை மேலே கொண்டுவருவது. பெயர் கோபன்ஹேகன் பயிற்சி. நார்வே அணிகளில் நடந்த ஆய்வில் உள்தொடைப் பிரச்சினைகள் சுமார் 41 சதவீதம் குறைந்தன. கிரவுண்டிலேயே செய்யலாம், எந்தச் சாதனமும் வேண்டாம்.

முழங்கால் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. திரும்பும்போது 'டப்' என்ற சத்தம், சில மணி நேரத்தில் வீக்கம், பிறகு நடக்கும்போது கால் பிடியில்லாமல் நழுவுவது போன்ற உணர்வு: இவை இருந்தால் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். "எக்ஸ்ரே நார்மல்" என்று நிம்மதியும் வேண்டாம், அதில் லிகமென்ட் தெரியாது. எலும்பு மருத்துவரைப் பாருங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார். லிகமென்ட் ஆபரேஷன் செய்தால், திரும்ப ஆடக் குறைந்தது 9 மாதம். அதன் பிறகும் காயப்பட்ட காலின் தொடைவலு மற்ற காலின் வலுவில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று சோதித்த பிறகே மேட்ச்.

கோச்சுகளிடம் ஒரு வேண்டுகோள். பையன் வலியைச் சொன்ன அன்றே, "சரியாகிட்டு வாப்பா, பார்த்துக்கலாம்" என்று அவன் அம்மா அப்பா முன்னால் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுவிட்டு வரும் பையன்கள்தான் கடைசி வாரம் வரை என்னிடம் சிகிச்சைப் பயிற்சிக்கு வருகிறார்கள்.