இமை மூடினால் மூளைக்குள் எழும் அலை

"கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் மூளைக்கு ஓய்வு கிடைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெரிதாகக் கிடைக்காது. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளை, நாம் சும்மா இருக்கும்போதே உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவீதத்தைத் தின்கிறது. இமையை மூடினால் அந்தத் தீனி அவ்வளவாகக் குறைவதில்லை. ஆனால் மூளை இயங்கும் விதம் மாறிவிடுகிறது.

இதை முதலில் கவனித்தவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பினார். அன்றைக்கே, தூரத்தில் இருந்த சகோதரிக்கு மனசு கேட்காமல், அவன் நலமா என்று விசாரித்து வீட்டிலிருந்து தந்தி வந்தது. மனசுக்கு மனசு ஏதோ ஆற்றல் பாய்கிறது என்று நம்பி அதைத் தேடப் புறப்பட்டார் பெர்கர். அந்த ஆற்றல் அகப்படவில்லை. 1924இல் மனிதத் தலையிலிருந்து முதல் மின் அலைகளைப் பதிவு செய்தார். திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு 1929இல்தான் வெளியிட்டார். நம்பியது என்னவாக இருந்தாலும் அளந்து பார்த்தாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பிடரிப் பக்கம் மின்முனை ஒட்டியிருக்கும் ஒருவர் கண்ணை மூடியதும், நுணுக்கமாக நெளிந்துகொண்டிருந்த மின்பதிவுக் கோடு விநாடிக்குப் பத்துத் தடவை போல ஏறி இறங்கத் தொடங்கும். அளவு என்னவோ சில பத்து மைக்ரோவோல்ட்தான். கண்ணைத் திறந்தால் சட்டென்று அடங்கிவிடும். விநாடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் இதுதான் ஆல்ஃபா அலை.

பார்க்க ஒன்றும் இல்லாதபோது, பிடரிப் பக்கத்திலுள்ள பார்வைப் பகுதியில் அலை ஏன் பெரிதாகிறது? நிரம்பிய அரங்கத்துக்கு வெளியே நின்று கேளுங்கள். உள்ளே ஆளுக்கொரு பேச்சு என்றால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதே கூட்டம் ஒரே தாளத்தில் கைதட்டினால் தெரு முனை வரை கேட்கும். ஆனால் கைதட்டலில் செய்தி எதுவும் இல்லை. நரம்பணுக்களும் இப்படித்தான். கண் திறந்திருக்கும்போது விழித்திரையிலிருந்து வரும் செய்திகள், மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வழியாக, பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கான பார்வைப் புறணிக்குப் பாய்கின்றன. ஒவ்வொரு அணுவும் தன் பங்குக்கு வந்த கோடு, நிறம், அசைவுக்கு ஏற்பத் தனித்தனி நேரத்தில் துடிக்கிறது. மின்னழுத்தங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தலைக்கு மேல் வருவது சொற்பம். இமை மூடியதும் அந்த வரத்து பெரும்பாலும் நின்றுபோகிறது. தலாமஸும் புறணியும் தங்களுக்குள்ளேயே சுற்றுப் போட்டு, பல லட்சம் அணுக்கள் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. அலை உயரும் நேரத்தில் ஸ்கேனில் பார்த்தால் பார்வைப் புறணியின் ரத்த ஓட்டச் சமிக்ஞை தாழ்ந்திருக்கிறது. அதாவது அலை பெரிதானால் அங்கே வேலை குறைவு.

அப்படியானால் எல்லாம் வெளிச்சத்தின் வேலையா? இல்லை. 1934இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன், மாத்யூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். இருட்டறையில் கண்ணைத் திறந்துகொண்டு எதையாவது பார்க்க முயன்றாலே ஆல்ஃபா மறைந்தது. கண்ணை மூடியபடி கடினமான மனக்கணக்குப் போட்டாலும் மங்கியது. பிற்காலத்தில் முழு இருட்டிலேயே ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கண் திறந்தவர்களிடம் கவனத்துக்கும் விழியசைவுக்குமான பகுதிகள் விழித்திருந்தன. மூடியவர்களிடம் பார்வை, கேட்டல், தொடுகைப் பகுதிகள் தாமாகவே கிளர்ந்தன. இமையைத் திறப்பதே 'வெளியே பார்' என்ற கட்டளை போலிருக்கிறது. இந்த அலைக்காகக் காசு வாங்கிக்கொண்டு 'ஆல்ஃபா நிலை' பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். இமை மூடினால் இலவசமாகவே வரும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சரி, சும்மா இருக்கும்போதும் ஒன்றாக ஏறி இறங்கும் மூளைப் பகுதிகளின் கூட்டங்களுக்கு, அதாவது ஓய்வு நேர வலைப்பின்னல்களுக்கு வருவோம். 1995இல் பரத் பிஸ்வால் குழு, ஆள் சும்மா படுத்திருக்கும்போதும் கையை அசைக்கும் இருபக்கப் பகுதிகளின் ரத்த ஓட்டம் ஒன்றாகவே ஏறி இறங்குவதைக் காட்டியது. 2001இல் மார்கஸ் ரெய்க்கிள் குழு 'டிஃபால்ட்' செயல்பாடு என்று பெயரிட்டது, சும்மா இருக்கும்போது மும்முரமாகும் பகுதிகளைக் குறித்து. கண்ணை மூடினால்தான் இந்த டிஃபால்ட் பின்னல் இறுகும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால், கண் திறந்திருக்கும்போதுதான் அதன் பகுதிகள் அதிகம் ஒத்தியங்குகின்றன என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் கண்டன.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஸ்கேனரில் சும்மா படுக்கச் சொன்னால் மனிதர்கள் தூங்கிவிடுகிறார்கள். 2014இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினர் 3 நிமிடத்துக்குள்ளேயே விழிப்பை இழந்திருந்தார்கள். நோயாளிகளையும் மற்றவர்களையும் ஒப்பிடும் ஆய்வில், நோயாளிகள் கண்ணை மூடியும் மற்றவர்கள் திறந்தும் படுத்திருந்தால், கிடைக்கும் வித்தியாசம் நோயாலா இமையாலா என்று பிரிக்கவே முடியாது. அதனால்தான் பலரும் இப்போது திரையில் ஒரு கூட்டல் குறியைக் காட்டி அதையே பார்க்கச் சொல்கிறார்கள், கண்ணையும் கேமராவில் கவனிக்கிறார்கள். ஸ்கேனருக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குபவர்கள், அந்தச் சின்னக் கேமராவுக்கும் மறக்காமல் ஒதுக்க வேண்டும். மூளை ஸ்கேன் ஆய்வு எதையாவது படித்தால், முடிவுக்குப் போகுமுன் செய்முறைப் பகுதியைத் திருப்பி, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று பாருங்கள்.