கம்பம் நடுமுன் வரைபடம்: வடசென்னைக் கால்வாய்களில் நீர்மட்ட சென்சார்கள்

வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ கால்வாய் நீர்மட்டத்தை அளக்க வருபவர்கள் பாலம் ஒன்றைப் பார்த்ததும் சென்சாரை மாட்டிவிடுகிறார்கள். வெயில் நாளில் தரவு ஒழுங்காக வருகிறது. வெள்ளம் ஏறும் நாளில் பாதி வருவதில்லை. பழி மழைமேல் விழுகிறது. ஆனால் லோரா (சென்சாரின் அளவீட்டைக் குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் அனுப்பும் ரேடியோ முறை) இயங்கும் 865–867 மெகாஹெர்ட்ஸில் மழையால் ஏற்படும் இழப்பு மிக மிகக் குறைவு. உண்மையில் ஆன்டெனா இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கும். சென்சார்களின் செய்தியை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் கேட்வே கருவி இருக்கும் தெருவில் கரண்ட்டை நிறுத்தியிருப்பார்கள். இல்லையென்றால் அலைப்பாதை முதல் நாளிலிருந்தே தடைகளால் பலவீனமாகி, அறுந்துபோகும் விளிம்பில் நின்றிருக்கும். கடைசியாகச் சொன்னதை வரைபடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

ஆனால் எந்த வரைபடம்? இலவசமாகக் கிடைக்கும் 30 மீட்டர் உயரத் தரவை மட்டும் க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டுப் பார்வைப்பரப்பை (ஓர் இடத்திலிருந்து தடையின்றித் தெரியும் பகுதியை) கணக்கிட்டால், வரும் விடையை நம்ப முடியாது. அந்தத் தரவின் பிழையே சில மீட்டர். வடசென்னைத் தரையின் மேடுபள்ளமும் ஏறத்தாழ அவ்வளவுதான். இங்கே அலையை மறிப்பவை கட்டடங்கள். யாரும் பயன்படுத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து கட்டட உருவரைகளை எடுங்கள். தெருவில் நடந்து தளங்களை எண்ணி, தளத்துக்கு 3 மீட்டர், மொட்டைமாடித் தொட்டிக்கு 2 மீட்டர் என்று உயரம் கொடுங்கள். மணலி, எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டுகளைத் தனி அடுக்காக வரைய வேண்டும். ஒரு பெட்டி 2.6 மீட்டர், ஐந்து அடுக்கினால் 13 மீட்டர் இரும்புச் சுவர். அது இன்று இருக்கும், நாளை இருக்காது. ஆகவே யார்டு எப்போதும் நிரம்பியிருப்பதாகவே கணக்கிடுங்கள்.

பார்வைக்கோடு திறந்திருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோட்டைச் சுற்றி அலை பரவிச் செல்லும் இடமும் திறந்திருக்க வேண்டும்; அதுதான் முதல் ஃப்ரெனல் மண்டலம். 2 கி.மீ. பாதையின் நடுவில் அதன் ஆரம் சுமார் 13 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது 8 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். சென்சார் 3 மீட்டரிலும் கேட்வே 21 மீட்டரிலும் இருந்தால், நடுவில் கோடு 12 மீட்டரில் போகும். எட்டைக் கழித்தால் மிச்சம் 4; அதற்கு மேல் எதுவும் உயரக்கூடாது. இரண்டு தள வீடு ஒன்றே அதை மறித்துவிடும். லோராவில் செய்தியை மெதுவாக, ஆனால் அதிகத் தொலைவுக்கு அனுப்பும் எஸ்எஃப் 12 அமைப்புக்கு மாற்றினால் செய்தி எப்படியோ போய்ச் சேரும். ஆனால் வேகமான எஸ்எஃப் 7-ஐவிட இருபது மடங்குக்கும் மேல் நேரம் பிடிக்கும். பேட்டரி தீரும், பல சென்சார்களின் பாக்கெட்டுகள் (செய்தித் துண்டுகள்) ஒன்றோடொன்று மோதும். ஆன்டெனாவைப் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேலே ஏற்றுவதும், கேட்வேயை இன்னும் அருகில் கொண்டுவருவதுமே சரி.

தொலைவு அளக்குமுன் அடுக்குகளை மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு என்ற ஆயமுறைக்கு மாற்றுங்கள். டிகிரியிலேயே விட்டு 500 என்று பஃபர் (புள்ளியைச் சுற்றிய வட்டம்) போட்டால் அது 500 டிகிரி! எக்செல்லில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களின் தசமம் மூன்று இடமாகச் சுருங்கினால் புள்ளி 50 மீட்டருக்கு மேலும் நகர்ந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஐந்து இடம் வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகம் விட்டுப்போவது உயரம். ஒலியலையை அனுப்பி அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் சொல்வது தனக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளியை மட்டுமே. சென்சார் முகம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று நில அளவையின் லெவல் கருவியால் அளந்து வரைபடப் புள்ளியின் பண்பு அட்டவணையில் ஏற்றாவிட்டால், ஓட்டேரி நல்லா ஓடையையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒப்பிடவே முடியாது. போன் ஜிபிஎஸ் காட்டும் உயரம் இதற்கு உதவாது. ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் கருவி இலையைத்தான் அளக்கும். அந்த இடங்களையும் வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

பிறகு நடைச் சோதனை. சென்சார் வைக்கப்போகும் அதே உயரத்தில் ஆன்டெனாவைப் பிடித்து, 50 மீட்டருக்கு ஒருமுறை நின்று 20 பாக்கெட் அனுப்புங்கள். வந்தவற்றின் வலிமையோடு வராதவற்றின் எண்ணிக்கையையும் பதியுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், அதே புள்ளிகளில் மீண்டும் ஒருமுறை நடக்க வேண்டும்.